பெரிய தட்டுக்கு முப்பத்திமூணு

1

கடந்த மார்ச்சில் நான் ஜெர்மனிக்கு வந்து இருபது வருடம் நிறைந்தது. இங்கே வழக்கமெல்லாம் தலைகீழ். யாருக்கு விசேஷமோ அவரேதான் கேக் வாங்கிக்கொண்டுபோய் ஆபீஸில் வைக்க வேண்டும். மற்றவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுக் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். பிரேமன் நகரத்து மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் கேக் பெட்டியுமாக டிராமில் நின்றுகொண்டே போனேன். கேக் ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. பிரமாதமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த ஊரில் எதைக் கொடுத்தாலும் பிரமாதம் என்றுதான் சொல்வார்கள், அதனால் நான் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் வெளிநாட்டவர் அலுவலகத்திலும் ஒரு வேலை இருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கொடுத்த காகிதத்தையே மறுபடி மறுபடி கேட்கிறார்கள். நம் ஊர் இனிஷியல் சமாச்சாரம் இவர்களுக்குப் புரியவே புரியாது. பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரை விரித்து எழுதப்போக, அது குடும்பப் பெயராக ஏறிவிட்டது. ஆகவே சேகர் என்கிற நான் இங்கே திருவாளர் கருப்பையா. என் மகளும் கருப்பையா. மேலூர்க் குவாரிகளுக்கு லாரி ஓட்டிய என் அப்பா, மெட்ராஸையே சரியாகப் பார்த்ததில்லை. செத்துப்போய் எத்தனையோ வருடம் ஆகிறது. ஜெர்மன் அரசாங்கம் அவருக்கு விடாமல் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த அலுவலகத்து அம்மாள் நல்லவர்தான். ஆனால் என்னிடம் பேசும்போது ஒவ்வொரு சொல்லாக எடுத்துத் தட்டில் வைப்பதுபோல வைப்பார், அதுவும் சத்தமாக. எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பாஷையும் தெரியும். இருபது வருடம் கழித்தும், என் முகத்தைப் பார்த்ததும் இவர்களுடைய வாய் தானாக வேகம் குறைந்துவிடுகிறது. சில சமயம் எரிச்சலில் நானும் மெதுவாகவே பதில் சொல்லித் தொலைக்கிறேன்.

திரும்பி வருகிற டிராமில் செல்வத்தின் குரல்செய்தி வந்தது. பின்னால் தையல் மெஷின் சத்தம், ஷேர் ஆட்டோ ஹாரன் சத்தம்.

“மாப்ள, இது நமக்கு ஆகாது போலருக்கு. ஆடி முடியிறதுக்குள்ள கடைசி அத்தியாயத்தக் குடுக்கலைன்னா புத்தகம் இல்லைன்னுட்டாரு பதிப்பாளரு. எனக்கு அது வந்தாத்தானே குடுக்க? வரலைன்னா விட்டுர்றேன்டா. இனிமே எழுதல. சீட் கவரத் தச்சுக்கிட்டு கெடக்கேன். அந்தப் பாட்டு மட்டும் ஒரே ஒரு தடவ கெடச்சா பாப்பேன். அதுவும் கெடைக்காது, என்ன செய்ய?”

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மழையில் நடந்து திரும்பினேன்.

2

செல்வத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவனியாபுரத்தில், ஏர்போர்ட் போகிற வழியில், ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறான். நானும் அவனும் ஒரே தெரு, ஒரே பாலிடெக்னிக். நான் முடித்தேன், அவன் முடிக்கவில்லை. அவன் பேய்க்கதை எழுதுகிறவன். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் தொங்கவிட்டு விற்பார்களே, அந்த மாத நாவல்கள் நிறைய எழுதியிருக்கிறான். அட்டையில் ரத்தமும் கோரைப் பல்லும் போடுவார்கள். உள்ளே அது எதுவும் இருக்காது. அவனுடைய பேய்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்கும், ஒர்க்‌ஷாப்பில் கிரீஸைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காசு கொடுத்து வாங்கியவன் ஏமாந்துபோய்ப் பதிப்பாளரைத் திட்டுவான். எனக்கு அவை உயிர்.

அவன் எழுத்தாளன் ஆன விதமே ஒரு கூத்து. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிற ஒருவரிடம் இங்கிலீஷ் பேய்க்கதைப் புத்தகங்கள் மூட்டையாக வந்து இறங்கும். எல்லாம் பெயரே கேள்விப்படாத ஆட்கள் எழுதியவை. அட்டை இருக்காது. பாதிக்குக் கடைசிப் பக்கங்களும் இருக்காது. அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாக முட்டிமோதிப் படிப்போம். கதை எழுதியவன் ஆளைக் கொண்டுபோய்க் கதவுக்கு முன்னால் நிறுத்தியிருப்பான், கதவு திறக்கும், அதோடு புத்தகம் கிழிந்திருக்கும். செல்வம் டீக்கடையில் உட்கார்ந்து மீதியைச் சொல்வான். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எழுத வந்தான். அந்தக் கதைகளில் ஒன்றிரண்டை இங்கே நூலகத்தில் முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், செல்வம் சொன்ன முடிவுதான் மேல்.

செல்வம் தேடுகிற அந்தப் பாட்டு வந்த வழி வேறு. மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ராம்பாபு அண்ணன் கேசட் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். சௌராஷ்டிரக்காரர். திரைக்குப் பின்னால் இருக்கிற மனைவியிடம் அவர்கள் பாஷையில் காபி கேட்பார், எங்களை மதுரைத் தமிழில் அதட்டுவார். வியாபாரம் சினிமாப் பாட்டுதான். ஆனால் அவருடைய மச்சினன் கப்பலில் வேலை பார்த்தார். போகிற துறைமுகத்திலெல்லாம் யாரும் சீண்டாத இசைத்தட்டுகளாகப் பார்த்து வாங்கிவந்து இவர் தலையில் கட்டிவிடுவார். உலகத்துக்கே தெரிந்த ராக் குழு ஒன்றுகூட அதில் இருக்காது. கராஜில் நாலு பேர் சேர்ந்து வாசித்து, ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டு, ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்ட கூட்டம்தான் எல்லாம்.

அதில் ஒன்றின் அட்டையில் கோதுமை வயலுக்கு நடுவே ஒரு வெள்ளைக் குளியல்தொட்டி இருக்கும். அண்ணன் கையில் கொடுக்க மாட்டார், விரல் ரேகை பட்டுவிடுமாம். கண்ணாடி அலமாரிக்குள் முன்பக்கம் தெரிய நிறுத்தியிருப்பார். நாங்கள் காலி கேசட்டைக் கொடுப்போம், அவர் பதிந்துவிட்டு மேலே ‘இங்கிலீஷ்’ என்று மட்டும் எழுதித் தருவார். குழுவின் பெயரைக் கேட்டதற்கு, பேரைத் தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள், பாட்டைக் கேளுங்கள் என்று விரட்டிவிட்டார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. பெரிய தட்டுக்கு முப்பத்திமூணு, சின்னத் தட்டுக்கு நாற்பத்தஞ்சு. நிமிஷத்துக்கு அத்தனை சுற்று, தட்டு சுழல வேண்டிய வேகம் அது. சினிமாத் தட்டுகளெல்லாம் அப்படித்தான் வரும். தட்டின் அளவைக் கண்ணால் பார்ப்பார், விசையைத் தள்ளுவார், ஊசியை வைப்பார். நடுவில் ஒட்டியிருக்கிற காகிதத்தைப் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. பேச்சோடு பேச்சாக இதையே எங்களுக்குப் பாடமாகவும் நடத்துவார்.

அந்தக் கேசட்டில் மூன்றாவது பாட்டுதான் எங்களைப் பிடித்தது. பாறாங்கல்லைத் தரையில் இழுப்பதுபோல ஒரு கிடார். அதற்கு மேல் ஒரு ஆண் குரல், கிணற்றுக்கு அடியில் நின்றுகொண்டு பாடுவதுபோல, நிதானமாக, அவசரமே இல்லாமல். ஒரு வார்த்தை புரியாது. செல்வத்தின் அம்மா வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன ஒப்பாரி என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அதிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் வைத்துத்தான் கேட்டோம். செல்வம் எழுதிய அத்தனை பேய்களும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் எழுந்து வந்தன. எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுவான். பல வருடம் ஓடி ஓடித் தேய்ந்து, ஒருநாள் டேப் சிக்கி அறுந்தது. ஒட்டினான், மறுபடி அறுந்தது. அதற்குள் ராம்பாபு அண்ணன் காலமாகிக் கடையும் போய்விட்டிருந்தது.

3

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். செல்வம் பைக்கில் ஏற்றி மேலூர்ப் பக்கம் கூட்டிப்போனான். கைவிட்ட கிரானைட் குவாரி. செங்குத்தாக வெட்டி எடுத்த பாறை, அடியில் அசையாத பச்சைத் தண்ணீர். பக்கத்திலேயே நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அங்கே நின்றுகொண்டு நாவலைச் சொன்னான்.

குவாரித் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பேய் வருகிறது. ஆண் பேய். மேலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து உட்காருகிறது, சந்தைக்குப் போகிறது, யாருக்கும் ஒரு தீங்கும் செய்வதில்லை. எதுவும் பேசுவதும் இல்லை. எதற்காக வந்தது என்று ஊரே மண்டையை உடைத்துக்கொள்கிறது. கடைசி அத்தியாயத்தில் அது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய அத்தியாயம் வரை படித்துக்காட்டினான். வெயிலில் நின்றுகொண்டே எனக்குக் கை சில்லிட்டது. அவன் எழுதியதிலேயே இதுதான் பெரிது, இதுதான் நல்லது.

மதுரையில் சின்னதாக, ஆனால் நல்ல இலக்கியப் புத்தகமாகப் போடுகிற பதிப்பாளர் ஒருவர் இதைப் படித்துவிட்டுப் போடுகிறேன் என்றிருக்கிறார். செல்வத்துக்கு அது சாதாரண விஷயம் இல்லை. மாத நாவல்களுக்கு முதுகு கிடையாது, நடுவில் பின் அடித்து மடித்திருப்பார்கள், அலமாரியில் வைத்தால் பெயர் தெரியாது. ஒரு புத்தகமாவது முதுகோடு, அதில் தன் பெயரோடு வந்துவிட வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை. ஆனால் கடைசி அத்தியாயம் வரவில்லை. மூன்று வருடமாக எழுதி எழுதிக் கிழித்திருக்கிறான்.

“எழுதுறேன் மாப்ள. எழுதிட்டுப் படிச்சா, அது பேசல, நான் பேசுறேன். அந்தக் குரலு என் காதுல இருந்து போயிருச்சுடா.”

ஜெர்மனியில் தேடிப் பார் என்றான். அங்கேதானே எல்லாத் தட்டும் வந்து சேரும் என்றான். பெயர் தெரியாத குழுவை எங்கே தேடுவது? கோதுமை வயல், குளியல்தொட்டி என்று இன்டர்நெட்டில் போட்டால் குளியலறை விளம்பரம்தான் வருகிறது. இருந்தாலும் ஒவ்வொரு ஞாயிறும் பழைய பொருள் சந்தைக்குப் போய் இசைத்தட்டுப் பெட்டிகளைக் கிளற ஆரம்பித்தேன். முதுகு வலி, குளிர், கையெல்லாம் புழுதி. சாந்திக்கு, அதாவது என் மனைவிக்கு, இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு மனுஷன் வீட்டில் காலை நீட்டி உட்காரக் கூடாதா என்பாள். உட்காரலாம்தான். உட்கார்ந்தால் செல்வத்தின் தையல் மெஷின் சத்தம் காதில் கேட்கிறது.

4

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் அது கிடைத்தது. ஒரு கிழவர் தன் மனைவியின் சாமான்களையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர்களுக்கு அடியில் ஒரு பெட்டி. விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். கோதுமை வயல். குளியல்தொட்டி. அங்கேயே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். கிழவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். குழுவின் பெயரை இங்கே எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர்கள் ஊர்க்காரர்களுக்கே தெரியுமோ என்னவோ.

வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பது என் மகள் மீனா. இப்போது இந்தப் பிள்ளைகளெல்லாம் மறுபடி இசைத்தட்டு வாங்குகிறார்கள். மீனாவுக்குப் பத்தொன்பது வயது. இந்த இலையுதிர் காலத்தில் படிப்புக்காக லைப்சிக் போகிறாள். ஏற்கெனவே பாதி போய்விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். நானும் அவளிடம் நம் ஊர்ப் பேச்சுப் பேசுவதில்லை. புரியாது என்று அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சுத்தமாக, “மீனா, நீ சாப்பிட்டு விட்டாயா?” என்று கேட்பேன். ஆமாம் என்பதற்கு ஜெர்மனில் ஒரு ‘யா’ வரும். கதவு சாத்திக்கொள்ளும்.

அன்றைக்குத் தட்டும் கையுமாக அவள் கதவைத் தட்டினேன். ஏறிட்டுப் பார்த்தாள். வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பினாள். நான் அதுவரை அந்த அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்ததே கிடையாது. மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் சுவரில் சாய்ந்து நிற்கிற போட்டோ. மூன்றாவது பாட்டைப் போடச் சொன்னேன். நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு, விசையைத் தள்ளிவிட்டு, ஊசியை வைத்தாள்.

துள்ளிக்கொண்டு ஒரு கிடார். அதற்கு மேல் ஒரு பெண் குரல். பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும். மூச்சு வாங்க, சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிறது. கோடை லீவு, சிநேகிதிகள், ஊருக்கு வெளியே ஒரு குளம், எல்லோரும் குளிக்கப் போகிறோம், நானும் வருகிறேன், எனக்காக நில்லுங்கள். அவ்வளவுதான் பாட்டு. ஒவ்வொரு வார்த்தையும் பளிச்சென்று புரிந்தது.

இது அந்தத் தட்டு இல்லை, யாரோ உறையை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றேன். மீனா போட்டோவிலிருந்த பெண்ணைக் காட்டினாள். பாடுவது இவள்தான், எல்லாப் பாட்டும் இவள்தான் என்றாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. தட்டு பெரியது. விசை நின்ற இடம் நாற்பத்தஞ்சு, நடுக் காகிதத்தில் அச்சடித்திருந்ததும் அதுவே.

ராம்பாபு அண்ணனின் சட்டம் ஞாபகம் வந்தது. விசையை முப்பத்திமூணில் வைத்து மறுபடி போடு என்றேன். போட்டாள்.

பாறாங்கல் தரையில் இழுபட்டது. கிணற்றுக்கு அடியிலிருந்து அந்த ஆள் வந்தான். அவனியாபுரத்து ஒர்க்‌ஷாப்பின் கிரீஸ் வாடை சகிதம் அந்த அறைக்குள் வந்து நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க முடியவில்லை. மீனா முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மயிர் எழுந்து நின்றது. இதையா நீங்கள் என் வயதில் கேட்டீர்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். பதில் சொல்வதற்குள் வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டு அம்மாள். ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்துக்காகச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

5

சாந்தி ஒரே போடாகப் போட்டாள். உங்கள் சிநேகிதர் கேட்டது அந்தக் குரல், அது கிடைத்துவிட்டது, முப்பத்திமூணில் வைத்துப் பதிந்து அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள் என்றாள். மனுஷன் புத்தகத்தை முடிக்கட்டும். பெண் குரல், நாற்பத்தஞ்சு என்றெல்லாம் ஆரம்பித்து அவர் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள் என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. போனில் பதிந்து வைத்தேன். அனுப்ப வேண்டியது ஒரு விரல் வேலை. அனுப்பவில்லை. அனுப்பினால் கேட்பான், எழுதுவான், ஆடிக்குள் கொடுப்பான், முதுகில் பெயரோடு புத்தகம் வரும். உண்மையைச் சொன்னால்? இத்தனை வருடம் அவன் எழுதிய எல்லாப் பேய்களும் கடைக்காரர் ஒருவர் விசையைத் தப்பாகத் தள்ளியதால் பிறந்தவை என்று ஆகிவிடும். மிச்சமிருக்கிற கொஞ்சம் தெம்பும் போய்விடும். ஏற்கெனவே விட்டுவிடுகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறவன்.

மீனா மட்டும் அவ்வப்போது வந்து, அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டாள். அவளாக என் அறைக்கு வந்து ஒன்றைக் கேட்பது எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இப்போதுதான். மெதுவாக ஓடுவதைத்தான் அனுப்பப்போகிறேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. அது அவள் இல்லையே என்றாள். நான் நாவலைப் பற்றி, பதிப்பாளரைப் பற்றி, ஆடி மாதத்தைப் பற்றி விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தமிழில், “பாவம்பா அவ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் மறுபடி ஒரு கடிதம், திருவாளர் கருப்பையாவுக்கு. உறையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். தப்பான பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நான் பழகிவிட்டேன். அலுப்புத் தட்டி, திருத்துவதையும் விட்டுவிட்டேன். ஆனால் பழகிவிட்டதால் அது என் பெயர் ஆகிவிடாது. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு போட்டோவும் ஒரு பாட்டும்தான். அவளை மறுபடி அதே கிணற்றுக்குள் இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை செல்வத்தைக் கூப்பிட்டேன். அங்கே கடை நேரம். ஒன்று விடாமல் சொன்னேன். சந்தை, உறை, போட்டோ, விசை. பாதியில் தையல் மெஷின் நின்றது.

“பொம்பளப் புள்ளயாடா?”

ஆமாம் என்றேன். இரண்டு வேகத்திலும் பதிந்து அனுப்பியிருக்கிறேன், கேட்டுப் பார் என்றேன். சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு கூப்பிட்டால் எடுக்கவில்லை. செய்தி போட்டால் பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. ஆனி முடிந்து ஆடியும் பிறந்துவிட்டது. இருந்த ஒரே சிநேகிதனையும் கெடுத்துவிட்டேன் என்று ஆபீஸில் என் வேலையான மெஷின் வரைபடங்களை வரைந்துகொண்டே நினைப்பேன். கோடு கோணலாகப் போகும்.

6

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது செய்தி வந்தது. டிராமில் கேட்க தைரியம் இல்லாமல் இறங்கி நின்று கேட்டேன்.

“மாப்ள, கோவிச்சுக்கிராத. பேசத் தெம்பில்ல, அதான். மொதல்ல கேட்டப்ப போனைத் தூக்கிப் போட்டு ஒடைக்கணும் போல இருந்துச்சு. பெறகு ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். அது பேசல பேசலைன்னு மூணு வருசமா அது மேல கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன்டா. ஆம்பளைன்னு எழுதி வச்சா அது எப்படிப் பேசும்? ராம்பாபு அண்ணன், நீயி, நானு, மூணு பேரும் சேந்து ஒரு புள்ளைய இம்புட்டு வருசமா அமுக்கில்ல வச்சிருந்திருக்கோம். மொத அத்தியாயத்துல இருந்து மாத்திட்டேன். குடுத்தாச்சு. பதிப்பாளரு படிச்சுட்டு கையப் பிடிச்சுக்கிட்டாரு. கடைசி அத்தியாயம் அனுப்பியிருக்கேன், படி.”

மழை தூறிக்கொண்டிருந்தது. நான் அப்படியே நின்றேன். யாரோ ஒருவர், வழி தெரியவில்லையா என்று என்னிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மீனா கூடத்தில் உட்கார்ந்து லைப்சிக்குக்கு அட்டைப் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தாள். ரெக்கார்ட் பிளேயரை ஸ்வெட்டரில் சுற்றி வைத்திருந்தாள். செல்வம் முடித்துவிட்டான் என்றேன். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, படித்துக் காட்டச் சொன்னாள். அவளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்.

பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் செய்தி வாசிக்கிற குரலில் ஆரம்பித்தேன். மேலூர் பஸ் ஸ்டாண்ட், சந்தை நாள், மத்தியான வெயில். குவாரியிலிருந்து வந்தவள் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஊரே சுற்றி நிற்கிறது. அவள் வாயைத் திறக்கிறாள்.

“எம்புட்டு வருசமா என்னைய மெதுவாவே பேச வச்சுட்டீக. வாயி வலிக்குது. நான் குளிக்க வந்த புள்ள. கூட வந்தவளுக எல்லாம் கரையேறிப் போயிட்டாளுக. நில்லுங்கடி, நானும் வாரேன்னு கத்துனேன். அவளுகளுக்குக் கேக்கல. ஒங்களுக்குக் கேட்டுச்சு. ஆனா யாரோ ஆம்பள பாடுறான்னு நெனச்சுக்கிட்டு ரசிச்சுக்கிட்டே ஒக்காந்துட்டீக.”

அந்த இடத்தில் நிறுத்தினேன். மீனா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புரிந்திருக்காது என்று நினைத்து, எம்புட்டு என்றால் எவ்வளவு, வாரேன் என்றால் வருகிறேன் என்று நிறுத்தி நிறுத்தி விளக்க ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஜெர்மனில் இல்லை, தமிழில் சொன்னாள். எங்கிருந்து பிடித்தாள் அந்தப் பேச்சை? நான் செல்வத்தோடு போனில் பேசும்போதெல்லாம் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“மறுபடி படிங்கப்பா. எனக்காக மெதுவாப் படிக்காதீங்க. செல்வம் மாமாகிட்ட பேசுற மாதிரியே படிங்க. எனக்கு அம்புட்டும் புரியுது.”